கார்வெட்டில் ஒரு லாரிக்காரர்

மிஷிகனில் ரோட்டைத் திட்டாமல் எந்த விருந்தும் முடியாது. குளிர்காலத்தில் காங்கிரீட் விரிசலுக்குள் இறங்கும் தண்ணீர் இரவில் உறைந்து பருக்கும், பகலில் உருகும், மறுபடி உறையும். பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை இதே கூத்துதான். அடிமண் கரைந்து பொள்ளலான இடத்தின்மேல் ஒரு கனரக லாரி ஏறி இறங்கினால் மேல்தளம் பொத்தென்று உள்வாங்கிவிடும். லாரியும் சாதாரண லாரி இல்லை. அமெரிக்க நெடுஞ்சாலைகளின் பொது வரம்பு 80,000 பவுண்டு. மிஷிகனில் பதினோரு அச்சு இருந்தால் 1,64,000 பவுண்டு வரை போகலாம். நம் கணக்கில் 74 டன். அமெரிக்காவிலேயே முதன்முதலாக ஒரு மைல் நீளத்துக்கு காங்கிரீட் நெடுஞ்சாலை போட்டது டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில்தான், 1909இல். ஊர்க்காரர்கள் அந்தப் பெருமையைச் சொல்லிக்கொண்டே டயர் மாற்றுவார்கள்.

இந்த ஊரில் இருந்துகொண்டு நான் வாங்கியது கார்வெட். ஏழாம் தலைமுறை, 2014 ஸ்டிங்ரே, ஒரு கை மாறி வந்தது. 6.2 லிட்டர் வி-8 எஞ்சின், 455 குதிரைத்திறன். அதோடு இசட்-51 என்கிற தொகுப்பு: பந்தயத் தடத்தில் ஓட்ட ஆசைப்படுபவர்களுக்காக விறைப்பான ஸ்பிரிங், தடித்த ஸ்டெபிலைசர் பார், பெரிய பிரேக், பெரிய சக்கரம். அதற்கும் மேலே காந்த சஸ்பென்ஷன். பிரேக் மென்பொருள் எழுதிச் சம்பாதிப்பவன் என்பதால் பிரேக்கைப் பார்த்துத்தான் மயங்கினேன் என்று வீட்டில் சொன்னேன். மனைவி நம்பவில்லை. "ரெண்டே சீட்டு. பையனை எங்கீங்க உக்கார வெக்கறது?" என்று கேட்டதோடு சரி, மினிவேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளில் காங்கிரீட் பாளம் பாளமாகக் கிடக்கும். வெயிலில் விரிய இடம் வேண்டுமென்று பாளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். நாளாக நாளாக ஒரு பாளம் சற்றே தாழும், அடுத்தது தூக்கிக்கொண்டு நிற்கும். மினிவேனில் இது காதில் விழுவதோடு சரி. கார்வெட்டில் முதுகெலும்பு வரை வரும். முன்சக்கரம் ஒரு தட்டு, பின்சக்கரம் ஒரு தட்டு, தடக்-தடக், தடக்-தடக். கியருக்குப் பக்கத்தில் ஒரு திருகு இருக்கிறது. வெதர், ஈகோ, டூர், ஸ்போர்ட், டிராக் என்று ஐந்து நிலைகள். நான் டூரில்தான் வைத்திருப்பேன். அப்போதும் இந்தத் தட்டு நிற்காது. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். தடத்துக்கென்று இறுக்கிய கார் இறுக்கமாகத்தான் இருக்கும். வளைவில் அது காட்டும் ஒழுங்குக்கு ஈடு கிடையாது. ஆனால் வாரத்தில் ஐந்து நாள் நான் போவது வளைவில் அல்ல, ஆபீசுக்கு.

2018 கோடையில் அப்பா வந்தார். நாமக்கல்லில் லாரி ஓட்டி, பிறகு லாரி வாங்கி, பிறகு லாரியை விற்று, இப்போது லாரியைப் பற்றிப் பேசிப் பொழுதுபோக்குபவர். கார்வெட்டுக்குள் அவரை ஏற்றுவதே ஒரு வேலை. கூரையைப் பிடித்து, ஒரு காலை உள்ளே நீட்டி, கடைசி அரை அடிக்குக் கையை விட்டுத் தானாக விழ வேண்டும். "கெணத்துல எறங்கறாப்பல இருக்குது கண்ணு" என்றார். பாண்டியாக் ஊரில் இருக்கும் பராசக்தி கோவிலுக்குப் புறப்பட்டோம். ஐ-75இல் ஏறியதும் பேச்சை நிறுத்திவிட்டார். எஞ்சின் சத்தத்தை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் சும்மா வந்தேன். கோவில் வாசலில் இறங்கி, இடுப்பில் கைவைத்து நிமிர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"வண்டி ஏ ஒன். ஆனா எம்ப்டி லாரியில வர்றாப்பல இருக்குது. கழுத்துல கொட்டிக்கிட்டே வருது."

பொறியியல் கல்லூரியில் ஒரு பருவம் முழுக்க நடத்திய பாடத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஸ்பிரிங் பட்டை அதேதான்; லோடு ஏற்றிய லாரி நிதானமாக அசையும், காலியாகத் திரும்பும் லாரி ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். வண்டியின் உடல் எத்தனை வேகமாக மேலும் கீழும் ஆடும் என்பது ஸ்பிரிங்கின் விறைப்பை மேலே உள்ள எடையால் வகுத்து வர்க்கமூலம் எடுப்பதைப் பொறுத்தது. குடும்பக் கார்களை வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடுமாறு அமைப்பார்கள். ஸ்போர்ட்ஸ் கார்களில் அது இரண்டை நெருங்கும், பந்தயக் கார்களில் தாண்டும். உட்கார்ந்திருக்கும் மனித உடம்புக்கு ஆகவே ஆகாதது வினாடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரும் மேல்கீழ் அதிர்வு. வயிறும் தோளும் அந்த வேகத்தில்தான் கூடச் சேர்ந்து குலுங்கும். அதிர்வுக்கு மதிப்பெண் போடும் ஐ.எஸ்.ஓ. 2631 தரநிர்ணயமும் அந்த எல்லைக்குத்தான் அதிகக் கவனம் கொடுக்கிறது. சரி, மெதுவாக ஆடட்டுமே என்றால், மறுகோடியில் குமட்டல் காத்திருக்கிறது. ஐந்து வினாடிக்கு ஒருமுறைபோல ஆடினால் கப்பலில் போனவர்களுக்கு வருவது வந்துவிடும். வசதியான கார் என்பது இந்த இரண்டு தொந்தரவுக்கும் நடுவே உள்ள ஒரு சந்து.

அந்தச் சந்தைத் தேடியவர்களில் எனக்குப் பிடித்தவர் மாரிஸ் ஆலி. ஆங்கிலேயர், ரோல்ஸ் ராய்ஸில் இருந்துவிட்டு 1930இல் காடிலாக்குக்கு வந்தார். ஒரு நீளக் காரில் எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்பிரிங்குகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஆட்களை உட்காரவைத்து எது சுகம் என்று கேட்டார். பின் ஸ்பிரிங் முன் ஸ்பிரிங்கைவிடச் சற்று வேகமாக ஆடினால் காரின் தலையாட்டல் சீக்கிரம் அடங்கும் என்பது அங்கே தெளிந்த உண்மை. கம்ப்யூட்டர் இல்லாத காலம். கடைசி நீதிபதி ஒரு மனிதனின் இடுப்புதான். அப்பாவை அவரிடம் வேலைக்குச் சேர்த்திருக்கலாம்.

திரும்பும் வழியில், விளையாட்டாக, திருகை ஸ்போர்ட்டுக்குத் திருப்பினேன். அடுத்த பாளத்திலேயே அப்பா கைப்பிடியைப் பற்றினார். "என்னத்தடா பண்ணுன?" என்று கேட்டவர், சொன்னதும் நம்பவில்லை. "ஒரு பொத்தானைத் திருப்புனா பட்டை எப்படி இறுகும்?"

பட்டை இறுகாது, இறுகுவது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கின் ஆட்டத்தைக் கொல்வது அதன் வேலை. வழக்கமான ஷாக்கில் எண்ணெய் சின்னத் துளைகள் வழியே பிதுங்கும். துளையின் அளவும் அதன்மேல் மூடியிருக்கும் மெல்லிய தகடுகளும் எத்தனை இறுக்கம் என்பதைத் தொழிற்சாலையிலேயே முடிவுசெய்துவிடும். என் காரில் எண்ணெயோடு இரும்புத்தூள் கலந்திருக்கிறது, சில மைக்ரான் அளவே உள்ள தூள். பிஸ்டனுக்குள் கம்பிச்சுருள். மின்சாரம் பாய்ந்தால் தூள் சங்கிலி சங்கிலியாக நின்று பாதையை மறிக்கும், எண்ணெய் கூழாகும். நிறுத்தினால் மறுபடி எண்ணெய். 1940களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் தர அளவீட்டுக் கூடத்தில் ஜேக்கப் ரபினோ கண்ட சங்கதி இது. அவர் அதை வைத்துச் செய்தது கிளட்ச். காரின் சக்கரத்துக்கு வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று. லார்ட் நிறுவனம் திரவத்தைத் தேற்றியது, டெல்ஃபை ஷாக்கைச் செய்தது. 2002 மாடல் காடிலாக் செவில் எஸ்.டி.எஸ். காரில் முதலில் வந்தது, அடுத்த வருடம் கார்வெட்டில். பிறகு ஆடியும் ஃபெராரியும் கூட வாங்கிப் போட்டன.

இறுக்குவது இதில் சுலபம். இறுக்கத்தை உடனே விடுவதுதான் கஷ்டம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பிஸ்டனின் இரும்புக்குள் சுழல் மின்னோட்டம் ஒரு கணம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணத்துக்குள் சக்கரம் அடுத்த குழியில் இறங்கிவிடும். மூன்றாம் தலைமுறையில் ஒரு சுருளுக்குப் பதில் எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களை வைத்து அந்தத் தாமதத்தைப் போக்கினார்கள். என் காரில் இருப்பது அதுதான்.

எந்தச் சக்கரத்துக்கு, எந்தக் கணத்தில், எத்தனை மின்சாரம் என்று முடிவுசெய்வது ஒரு சின்ன அலுமினியப் பெட்டி. சஸ்பென்ஷன் கன்ட்ரோல் மாட்யூல். இதன் அடிப்படைத் தந்திரம் பழையது. 1974இல் கார்னாப், கிராஸ்பி, ஹார்வுட் என்ற மூவர் எழுதிய கட்டுரையில் ஓர் அழகான கற்பனை இருக்கிறது: காரின் உடலை ஆகாயத்தில் ஒரு கொக்கியில் மாட்டி, அந்தக் கொக்கிக்கும் உடலுக்கும் நடுவே ஒரு ஷாக்கை வைத்தால் எப்படி இருக்கும்? உடல் ஆடாது, சக்கரம் மட்டும் ரோட்டோடு ஏறி இறங்கும். ஆகாயத்தில் கொக்கி கிடையாது என்பதால், சக்கரத்தில் உள்ள ஷாக்கையே கணத்துக்குக் கணம் இறுக்கியும் விட்டும் அந்தக் கொக்கி இருப்பதுபோல் நடிக்க வைக்கலாம் என்றார்கள். கணக்கு எல்லோருக்கும் பொது. ஆனால் எவ்வளவு இறுக்கலாம், எப்போது விடலாம் என்கிற அட்டவணைகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்து, மாற்றி, மறுபடி ஓட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார். அவர் இடுப்புக்குச் சரியென்று பட்டதுதான் நம் இடுப்புக்கு வருகிறது. பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் ஒரு மனிதரின் அபிப்பிராயம். வேறு மனிதரின் அபிப்பிராயத்தைப் போட்டுப் பார்த்தால் என்ன என்ற எண்ணம் எனக்கு அப்போது வந்ததுதான்.

இதற்கு ஏற்றாற்போல் ஒரு பல் டாக்டர் இருந்தார். மதுரைக்காரர், நோவையில் வீடு. அவரிடமும் ஸ்டிங்ரே, என்னுடையதைவிடப் பிந்திய வருடத்தது. காந்த ஷாக் உண்டு, இசட்-51 கிடையாது. சாதுவான ஸ்பிரிங், சாதுவான கார். அவரோ வாட்டர்ஃபோர்டு ஹில்ஸ் தடத்தில் சனிக்கிழமைகளில் ஓட்டப் போகிறவர். "தம்பி, வளைவுல படகு மாதிரி சாயுது" என்று என்னிடம் குறைப்படுவார். நான் அவரிடம் கழுத்துவலியைச் சொல்வேன். இரண்டு பேரும் காரையே மாற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் அவருடையது சிவப்பு, ஆட்டோமேட்டிக் கியர். என்னுடையது கறுப்பு, கையால் போடும் கியர். அதில் இருவரும் விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை. "அப்போ பெட்டிய மாத்துவோம் அண்ணே" என்றேன்.

செய்வதற்கு முன் ஆபீசில் ஒருவரைக் கேட்டேன். ஓய்வுபெறும் வயதை எட்டிய அமெரிக்கர், ஷாக்குகளுக்கு அட்டவணை எழுதியே தலை நரைத்தவர். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, சாதுப் பெட்டியை விறைப்பான ஸ்பிரிங்மேல் வைத்தால் சாதுக் கார் கிடைக்காது, மூன்றாவதாக ஒரு கார் கிடைக்கும். அது எப்படியிருக்கும் என்று தனக்கே தெரியாது. மற்றது, பெட்டியை மாட்டிய பிறகு யாரிடமும் கம்ப்யூட்டர் வைத்துப் பதிவு பண்ணக் கொடுக்காதே. நிறுவனத்தின் சர்வர் காரின் அடையாள எண்ணைப் பார்க்கும், இந்த எண்ணுக்கு இந்த அட்டவணை என்று பழையதையே கொண்டுவந்து எழுதிவிடும். நீ மாற்றியது வெறும் அலுமினியமாகிவிடும். இரண்டையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

டாக்டரின் கராஜில் காரைத் தூக்கும் லிஃப்ட் உண்டு. பல் பிடுங்கிச் சம்பாதித்ததில் பாதி அங்கேதான் இருக்கிறது. அப்பாவும் வந்தார். பெட்டி மாற்றக் காரைத் தூக்கவே தேவையில்லை. அப்பா அடியில் பார்க்க ஆசைப்பட்டார் என்று தூக்கினோம். குனிந்தபடி முன்னச்சுக்குப் போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏண்டா, இது பட்டைதான?"

பட்டையேதான். கார்வெட்டில் சக்கரத்துக்கு ஒரு சுருள் ஸ்பிரிங் என்று கிடையாது. முன்னே ஒன்று, பின்னே ஒன்றாகக் காரின் குறுக்கே ஒற்றைப் பட்டை கிடக்கும்; இரும்பு இல்லை, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்தது. 1981இல் பின்பக்கத்தில் ஆரம்பித்து, 1984இல் புது மாடல் வந்தபோது முன்பக்கத்துக்கும் வந்த ஏற்பாடு. 2020இல் எஞ்சினை நடுவில் வைத்து எட்டாம் தலைமுறை வந்தபோதுதான் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறினார்கள். அப்பா விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார். மரத்தைத் தட்டினாற்போல மழுங்கிய சத்தம் வந்தது. நாமக்கல் பட்டறைகளில் பட்டையைச் சுத்தியலால் தட்டி, கணீரென்று கேட்டால் நல்லது, சொத்தென்று கேட்டால் விரிசல் என்று முடிவுகட்டிய காது அது. "இத எப்படி நம்பறது?" என்றார். பட்டையின் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனார். பட்டை முனையில் மெலிந்து நடுவில் தடித்திருந்தது. இத்தனை லட்ச ரூபாய் வண்டியில் லாரிப் பட்டையைக் கண்ட சந்தோஷம் அவருக்கு அன்று முழுக்க இருந்தது. டாக்டரிடம் பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் "டாக்டர் சார்" என்று மரியாதையாகப் பேசிவந்தவர், அதன்பிறகு "உங்க வண்டியிலயும் பட்டைதானுங்க, தெரியுமா?" என்று உரிமையோடு ஆரம்பித்தார்.

பெட்டி மாற்றியதில் சொல்ல அதிகம் இல்லை. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தோம். உள்ளே ஓரப் பலகையை நெம்பியபோது கிளிப் ஒன்று முறிந்து எங்கேயோ தெறித்தது. அது இன்றுவரை காருக்குள்தான் இருக்கிறது, பிரேக் போட்டால் உருளும். பத்தாம் நம்பர் ஸ்பேனரில் நட்டுகள், ஒரு கனெக்டர், அதன் பூட்டு நெம்புகோல். டாக்டர் காரிலும் அதேபோல். துண்டை விரித்து இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அச்சில் வார்த்த இரட்டைகள். ஒட்டியிருந்த சீட்டில் கடைசி எண்கள் மட்டும் வேறு. அப்பா இரண்டையும் கையிலெடுத்து எடை பார்த்தார். எது யாருடையது என்று மறந்துவிடும் என்பதால் டாக்டர் தன் பெட்டியில் பல் படம் ஒன்றை மார்க்கரால் வரைந்தார். கடைவாய்ப்பல், வேரோடு.

சாவி போட்டதும் சஸ்பென்ஷனைச் சர்வீஸ் செய்யச் சொல்லும் எச்சரிக்கை டாஷ்போர்டில் வரும் என்று மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. எங்களுக்கு வரவில்லை என்பதால் யாருக்கும் வராது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேற்றுக் காரின் அடையாள எண்ணைக் கண்டதும் வேலைநிறுத்தம் செய்கிற மாட்யூல்கள் இப்போதைய கார்களில் நிறைய உண்டு.

பாண்டியாக் கோவிலுக்கே மறுபடி போனோம், அதே ரோடு, அதே டூர் நிலை. அம்மனுக்கும் சந்தேகம் வந்திருக்கும். முதல் பாளத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. தட்டு இருந்தது, அதன் முனை மழுங்கியிருந்தது. மேலே எழும்பிய சக்கரத்தை முந்திய பெட்டி படாரென்று பிடித்து நிறுத்தும். இது கொஞ்சம் எழும்ப விட்டுப் பிடித்தது. எனக்கு வாயெல்லாம் பல். டாக்டருக்கு போன் பண்ணலாமா என்று யோசித்தபோது வேகம் 75 மைலைத் தொட்டிருந்தது. பாலம் ஏறும் இடத்தில் ரோடு நீளமாக ஓர் அலைபோல் எழுந்து இறங்கியது. காரும் எழுந்தது, இறங்கியது, ரோடு சமமான பிறகும் இன்னொரு முறை எழுந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கழுத்துக் கொட்டு கொறஞ்சிருக்குது. ஆனா இப்ப வயித்துல மெதக்குது."

அமெரிக்கர் சொன்ன மூன்றாவது கார் இதுதான். விறைப்பான ஸ்பிரிங் எழுப்பும் ஆட்டத்தை அடக்க விறைப்பான ஷாக் வேண்டும். மென்மையான ஸ்பிரிங்கை நினைத்து எழுதிய அட்டவணை, என் பட்டை உதைக்கும் உதையை எதிர்பார்க்கவில்லை. சின்ன அடிகளில் அது தயாளம், பெரிய அலைகளில் அது சோம்பேறி. பிரேக் மிதித்தால் மூக்கு முன்னைவிட அதிகம் குனிந்தது. அது என் தொழில் என்பதால் எனக்கு இன்னும் உறுத்தியது. ஆனால் கோவிலிலிருந்து திரும்பும்போது ஒன்றைக் கண்டுகொண்டேன். புதுப் பெட்டியில் ஸ்போர்ட் நிலை, பழைய டூருக்கும் பழைய ஸ்போர்ட்டுக்கும் நடுவே எங்கேயோ இல்லை. பழைய டூரைவிடவும் இதமாக, அதேசமயம் மிதக்காமல் போனது. ஊருக்குள் டூர், நெடுஞ்சாலையில் ஸ்போர்ட் என்று வைத்துக்கொண்டேன். பொத்தானில் எழுதியிருக்கும் பெயரை நம்பாமல் இடுப்பை நம்புகிறவனுக்கு அந்தத் திருகு நன்றாகவே உதவும். நெடுஞ்சாலையில் டூர் என்றும் தடத்தில் டிராக் என்றும் வைத்து ஓட்டுகிறவர்கள் பெயருக்குத்தான் கட்டுப்படுகிறார்கள்.

டாக்டருக்கு நடந்தது நேர்மாறு. மென்மையான ஸ்பிரிங்மேல் என் முரட்டுப் பெட்டி. சாய்வு குறைந்தது, வளைவுக்குள் நுழையும்போது கார் சட்டென்று நிலைகொண்டது. ஆட்டமே எழாதபடி அதீதமாக அடக்கப்பட்ட கார். சின்னச் சின்ன மேடுகள் எல்லாம் கையில் தெரிந்தன. அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. தடத்திலிருந்து திரும்பி வந்து "தம்பி, இனி இந்தப் பெட்டிய நீங்க மறந்துருங்க" என்றார். பல் பிடுங்குகிறவர் கையில் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியுமா?

பெட்டி தொடமுடியாத ஒன்று மிச்சமிருந்தது. தார்ச்சாலை ஒட்டுகள், சாக்கடை மூடிகள், பாலத்தின் இரும்புப் பல்வரிசை போன்ற கூர்மையான சின்ன அடிகள். அவற்றில் எந்த மாற்றமும் இல்லை. அப்பாதான் காரணத்தைக் காட்டினார். வீட்டுவாசலில் நின்ற காரின் டயரை, லாரி டயரைப் பார்ப்பதுபோல், குதிகாலால் உதைத்தார். உதைத்த காலைத் தேய்த்துக்கொண்டார். "காத்து இல்லாட்டியே இது நிக்கும் போல இருக்குது."

உண்மையிலேயே நிற்கும். அது ரன்-ஃபிளாட் டயர். ஸ்டிங்ரேயில் ஸ்டெப்னி கிடையாது, வைக்க இடமும் கிடையாது. அதனால் காற்று முழுக்கப் போனாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்னொரு 80 கிலோமீட்டர் ஓடுமளவுக்குப் பக்கச்சுவரைத் தடிப்பாக வார்த்த டயர் போடுகிறார்கள். இசட்-51இல் முன்னே 245/35, 19 அங்குலம்; பின்னே 285/30, 20 அங்குலம். கணக்குப் போட்டால் ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே 86 மில்லிமீட்டர் ரப்பர். டாக்டரின் காரில் சக்கரம் ஓர் அங்குலம் சின்னது, ரப்பர் கிட்டத்தட்ட 100 மில்லிமீட்டர். ரோட்டின் கூர்மையை முதலில் வாங்கிக்கொள்ள வேண்டியது டயரின் வயிறு. அந்த அடி ஷாக்குக்கு வருவதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டிருக்க வேண்டும். டயர் கல்லாக இருந்தால், எண்ணெயைக் கூழாக்கும் எந்த வித்தையும் நேரத்துக்கு வந்து சேராது. சஸ்பென்ஷன் கம்ப்யூட்டர் பற்றி ராப்பகலாகப் பேசும் நாங்கள் இரண்டு பேரும் ஒருமுறைகூட டயரை உதைத்துப் பார்த்ததில்லை.

பழைய டயர் தேய்ந்ததும் அதே அளவில் சாதாரண டயர் போட்டேன். பின்னால் ஒரு குட்டி பம்பும் பஞ்சர் அடைக்கும் திரவமும் வைத்துக்கொண்டேன். பெட்டி மாற்றியதில் கிடைத்ததைவிட டயரில் கிடைத்தது அதிகம். இப்படி நினைக்கிறவன் முதலில் டயரைத்தானே மாற்றியிருக்க வேண்டும் என்று யாராவது கேட்கலாம். டயர் மாற்றுவதில் என்ன சுவாரசியம் இருக்கிறது? கடையில் விட்டுவிட்டுக் காப்பி குடிக்கிற வேலை. மனைவி ஒருமுறை அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நோவை வரை வந்தார். "பரவால்லீங்க, இப்ப கார் மாதிரி இருக்குது" என்றார். அதுவரை எதுமாதிரி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். குளிர்காலம் போய் அடுத்த குழிக்காலம் வந்தது. கதவுக் கண்ணாடி சம்பந்தமாக ஒரு சின்ன வேலைக்கு டீலர் ஒருவரிடம் காரை விட்டேன். மாலையில் எடுத்துக்கொண்டு கிளம்பி, நெடுஞ்சாலையில் ஏறி, முதல் பாளத்தைத் தாண்டியதுமே தெரிந்துவிட்டது. கூர் திரும்பியிருந்தது. டயர் புதிது என்பதால் கழுத்து வரை வரவில்லை. ஆனால் அந்தப் படார் எனக்குப் பழகியது. பில்லைப் பிரித்துப் பார்த்தேன். கடைசி வரியில், காசு எதுவும் போடாமல், மாட்யூல்களின் மென்பொருளைப் புதுப்பித்ததாக ஒரு குறிப்பு. மெக்கானிக் தன் வழக்கப்படி கம்ப்யூட்டரை மாட்டியிருக்கிறார், சர்வர் காரின் எண்ணைப் பார்த்திருக்கிறது, இந்த எண்ணுக்கு இசட்-51 அட்டவணை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது. பலகையைக் கழற்றிப் பார்த்தால் பெட்டி அதேதான். கடைவாய்ப்பல் வேரோடு சிரித்துக்கொண்டிருந்தது.

அப்பாவிடம் வாட்ஸாப்பில் சொன்னேன். விஷயத்தை இரண்டு முறை விளக்க வேண்டியிருந்தது. "அப்ப டயரு மட்டும் மிச்சமா?" என்று கேட்டுவிட்டு, பெரிதாக ஆறுதல் சொல்லவும் இல்லை. டாக்டரிடம் போய் என் பெட்டியையும் அவர் பெட்டியையும் மறுபடி மாற்றலாமா என்று யோசித்ததுண்டு; மாற்றினாலும் இப்போது இரண்டிலும் இருப்பது இசட்-51 அட்டவணைதான் என்பது பிறகு உறைத்தது. அதோடு விட்டுவிட்டேன். டூரில் ஓட்டுகிறேன், புது டயர் பாதியைத் தாங்குகிறது, மீதியைக் கழுத்து தாங்குகிறது.

செய்தி டாக்டரின் காதுக்கும் எட்டியது. அன்றிலிருந்து அவர் காரை எந்த சர்வீஸுக்கும் விடுவதில்லை. கிளினிக்கை மூடிவிட்டு வந்து, லிஃப்டில் தூக்கி, ஆயிலை அவரே மாற்றுகிறார். கண்ணாடி வைப்பருக்குக்கூட ரப்பர் கடையில் வாங்கிவந்து தானே மாட்டினார். போன வாரம் டீலரிடமிருந்து இலவசப் பரிசோதனைக்கு வரச்சொல்லி அட்டை வந்ததாம்; பதறிப்போய் எனக்கு போன் பண்ணி, "தம்பி, போகலேன்னா வீட்டுக்கு வந்துருவாங்களா?" என்று கேட்டார்.